அடைக்கூட்டின் நடுவிடம்

சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்து பத்தாம் நாள், புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் கனகேஸ்வரி அடைக்கு வைத்திருந்த பதின்மூன்று முட்டைகளில் ஒன்றுக்குள் அவளுடைய கணவர் முத்துலிங்கம் முகம் வழித்துக்கொண்டிருந்தார். இடது கன்னம் முடிந்து வலது கன்னத்தில் பாதிக்கு வந்திருந்தார். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலம் என்பதால் சாமான் அறை இருட்டில் முட்டையைப் பிடித்துப் பார்க்கும் விளக்கின் திரியை அவள் தாழ்த்தியே வைத்திருந்தாள். ஆனாலும் சோப்பு நுரை, சுவரில் ஆணியில் தொங்கிய சிறு கண்ணாடி, தோளில் கிடந்த நீலக்கரைத் துவாய் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. அந்தத் துவாய் அவள் வாங்கிக் கொடுத்தது. அவர் வழித்து முடித்து, கத்தியைக் கழுவி உறையில் போடும்வரை பார்த்திருந்துவிட்டு, முட்டை ஆறிவிடக் கூடாதே என்று கொண்டுபோய்க் கோழிக்கு அடியில் வைத்தாள். பிறகு குசினிக்குப் போய் அடுப்பிலிருந்த பருப்பை இறக்கினாள். அது கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது.

முத்துலிங்கம் மலாயாவில், ஈப்போ ரயில்வே கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். கலியாணமான புதிதில் கனகேஸ்வரியும் அங்கே போய் ஒரு வருடம் இருந்தாள். அந்த ஊர் மழை அவளுடைய நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்தவளுக்குப் பிள்ளைகளும் இல்லை. வருடங்கள் கடிதங்களிலேயே கழிந்தன. கடைசியாக லீவில் வந்தபோது அவர் மூன்று வெள்ளை லெகோர்ன் சாதிக் கோழிப் பேடுகளையும் ஒரு சேவலையும் வாங்கி விட்டுப் போனார். பென்ஷன் எடுத்துக்கொண்டு வந்ததும் பின்வளவு முழுவதும் கோழிதான், முட்டைக்கு ஒரு பக்கம், இறைச்சிக்கு ஒரு பக்கம் என்பது அவருடைய திட்டம். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் முதற்பக்கம் அவளுடைய சுகத்தை விசாரிக்கும். மற்ற மூன்று பக்கமும் கோழிகளின் சுகத்தை விசாரிக்கும். லெகோர்ன் நாள் தவறாமல் முட்டையிடும், ஆனால் அடைக்கு இருக்காது. அதன் முட்டையை ஊர்க்கோழிக்கு வை என்று எழுதினார். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார், சிவப்பு நரம்புகள் சிலந்தி போலத் தெரிந்தால் உயிர் உண்டு, வெறும் வெளிச்சமாக இருந்தால் கறிக்கு என்று எழுதினார். அடைக்கு வைக்குமுன் முட்டைகளை ஈரமணலில் குளிர்ச்சியாக வைத்திரு, கரு வளராமல் உறங்கும், இரண்டு கிழமை பழுதில்லாமல் கிடக்கும் என்றும் எழுதினார். விளக்கின் மேல் கவிழ்த்து வைப்பதற்குச் சிகரெட் டின்னில் ஓட்டை போட்டுக் கொடுத்ததும் அவர்தான். மற்றப் பெண்கள் தலையணைக்கு அடியில் வைத்துப் படிக்கும் கடிதங்களைப் போலத்தான் அவள் இவற்றையும் வைத்துப் படித்தாள். நாற்பத்தொன்று கார்த்திகையில் வந்தது கடைசிக் கடிதம். அதன் பிறகு மலாயாவிலிருந்து ஒருவருக்கும் ஒரு வரியும் வரவில்லை.

முட்டைக்குள் அவரை இரண்டாவதாகப் பார்த்தது அடுத்த வீட்டு டோரின். பறங்கிக்காரி, கணவனை இழந்தவள், மதிலுக்கு மேலால் கறிவேப்பிலை கேட்க வந்தவளைக் கனகேஸ்வரி கையைப் பிடித்துச் சாமான் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

“மை காட், கனகா! மிஸ்டர் முத்து தானே இது?”

“ஓம்.”

“இன்னும் அந்த மொட்டைக் கத்தியா? நான் கிறிஸ்மசுக்குக் குடுத்த பிளேட் பெட்டி எங்க போச்சு?”

“அதைப் பெட்டகத்துக்குள்ள பத்திரமா வச்சிருப்பார். நல்ல சாமான் ஒண்டும் பாவிக்கமாட்டார் அவர்.”

கிழமை முடிவதற்குள் ஒழுங்கை முழுவதும் அறிந்துவிட்டது. மலாயாவில் ஆள் உள்ள எட்டு வீட்டார் வந்து, வரிசையில் நின்று, அவருக்குப் பின்னால் யாராவது நடந்துபோகிறார்களா என்று பார்த்தனர். பாக்கியலெட்சுமி என்பவள் மட்டும் தன் தம்பி சைக்கிளில் கடந்துபோனதைக் கண்டாள். அவன் தொப்பி வாங்கியிருந்தான். அந்த மாதத்திலிருந்து வெள்ளவத்தையின் அந்தப் பகுதியில், முட்டையை உடைக்குமுன் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்க்கும் வழக்கம் மரியாதை கருதி ஏற்பட்டது. ஆனால் வேறு எந்த வீட்டு முட்டையிலும் அவர் அகப்படவில்லை.

அவர் வருவதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. ஓர் அடையில் ஒரு முட்டையில் மட்டும் வருவார். எது என்று முன்கூட்டித் தெரியாது. ஏழாம் நாள் தெரியத் தொடங்கினால், குஞ்சு வளர்ந்து முட்டை இருண்டுபோகும் பதினெட்டாம் நாள்வரை இருப்பார். இருபத்தோராம் நாள் ஓடு உடையும்போது வெளியே வருவது நனைந்த ஒரு குஞ்சுதான். ஓட்டுக்குள் வேறொன்றும் இராது. எனவே கனகேஸ்வரி ஊர்ப்பேடுகளை மாற்றி மாற்றி, ஒரே நேரத்தில் மூன்று இருக்கும்படி, ஒவ்வொரு கிழமை தள்ளி அடைக்கு வைத்தாள். ஒன்று இருளும்போது மற்றொன்று தெளிந்திருக்கும். ஒவ்வொரு முட்டையிலும் வைத்த தேதியைப் பென்சிலால் எழுதினாள். கூட்டுக்குக் கூடு பதின்மூன்று, இடிக்குக் காவலாக ஓர் இரும்பாணி, ஒரு துண்டு கரி. சத்தம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் விளக்கடியில் முட்டையைப் பிடித்துக்கொண்டு, “இஞ்சாருங்கோ, சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்பாள். அவர் தம்பாட்டில் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

ஈஸ்டர் ஞாயிறன்று காலை கொழும்பில் குண்டு விழுந்தபோது டோரின் கோயிலுக்கு உடுத்து முடித்திருந்தாள். இருவரும் சாமான் அறை மேசைக்கு அடியில் இருந்தனர். இடிக்குப் போட்ட ஆணி குண்டுக்கும் ஓரளவு கேட்டது. நான்கு முட்டைகள்தான் கூழாகின. மறுநாளிலிருந்து ஒழுங்கை காலியாகத் தொடங்கிற்று. மருதானை ஸ்டேஷனில் சனம் பெட்டிகளுக்கு மேலே ஏறி நின்று வடக்கே போனது. யாழ்ப்பாணத்திலிருந்து கனகேஸ்வரியின் தமையன் உடனே புறப்பட்டு வரச்சொல்லி எழுதினார். அடைக்கோழியை ரயிலில் கொண்டுபோக முடியாது, குலுக்கத்தில் முட்டை கெட்டுவிடும். ஆகவே அவள், கோழி எழும்பினதும் வருகிறேன் என்று பதில் எழுதினாள். கோழிகளில் எப்போதும் ஒன்றாவது அடையில் இருந்தது. அவள் போகவேயில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து சைக்கிளில் கூடை கட்டி வரும் முட்டைக்காரர் றவூப் இதனால் பெரிதும் சங்கடப்பட்டார்.

“தங்கச்சி, பட்டாளத்து ஆசுபத்திரில வெள்ளக்காரன் முட்ட இல்லாம அழுவுறான். நீங்க என்னண்டா எல்லாத்தயும் கொண்டுபோய்க் கோழிக்குக் கீழ வெக்கிறீங்க.”

“அவர் எதுக்குள்ள வருவார் எண்டு தெரியாதே, றவூப் நானா.”

“அதுவும் ஞாயந்தான்,” என்று றவூப் ஒத்துக்கொண்டு, ஏழாம் நாள் கழித்த வெறும் முட்டைகளை வாங்கிக்கொண்டு போனார். முத்துலிங்கம் வந்திருந்த முட்டைகளில் பிறந்த குஞ்சுகளின் காலில் கனகேஸ்வரி சிவப்பு நூல் கட்டினாள். அவற்றில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஒன்றைக் கீரி பிடித்தது, ஒன்று கிணற்றில் விழுந்தது. ஆனாலும் விற்க மனம் வரவில்லை. ஆவணிக்குள் வளவில் சிவப்பு நூல் கட்டிய சேவல்கள் ஏழு நின்று ஒன்றையொன்று கொத்திக் கிழித்தன; தவிடும் புண்ணாக்கும் கிடைக்காத நாளில் பேடுகளின் தீனியையும் தின்று தீர்த்தன. கடைசியில் றவூப் ஒரு சேவலைச் சிறகோடு தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“நல்லாப் பாருங்கோ. இது ஐயா இல்ல, சேவல். ஐயாவா இருந்தா மதிலேறி டோரின் நோனாட உடுப்பில பேலுவாரா?”

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “த ட்ரூத், றவூப்!” என்று குரல் வந்தது. கனகேஸ்வரி சிரித்தாள். அந்த வருடம் முழுவதிலும் அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான். ஏழு சேவல்களும் மருதானைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போயின. நூல்களை அவிழ்த்து அவள் தையல் பெட்டிக்குள் போட்டு வைத்தாள்.

நாற்பத்து மூன்றாம் ஆண்டு பிறந்தபோது முட்டைக்குள் கந்தோர் இல்லை. மேசை, கண்ணாடி, நீலக்கரைத் துவாய் ஒன்றும் இல்லை. மூங்கில் காடும் மழையும் இருந்தன. முத்துலிங்கம் இடுப்பில் ஒரு சாக்குத்துண்டைக் கட்டிக்கொண்டு, இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து தண்டவாளக் கட்டை சுமந்தார். முகத்தில் தாடி. அது எந்த இடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முப்பது வருடம் ரயில்வேயில் கார்ட் வேலை பார்த்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, பாதை போடும் முறை சரியில்லை, ஒரு பெருமழைக்குத் தாங்காது என்று மட்டும் சொன்னார். றவூப் பார்த்துவிட்டு முட்டையை மெல்ல அவளிடம் திருப்பிக் கொடுத்தார். “மனிசர் நல்லா மெலிஞ்சிட்டார், தங்கச்சி,” என்றார். அன்று அவர் முட்டை வாங்காமலே போய்விட்டார்.

அந்த நாட்களில்தான் கனகேஸ்வரி இன்னொன்றைக் கண்டுகொண்டாள். கோழியின் சூடு கூட்டின் நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. அவருடைய முட்டை ஓரத்தில் கிடந்த நாட்களில் அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு நடுங்கினார். நடுவில் கிடந்த நாட்களில் நிமிர்ந்து நின்றார், ஒருமுறை பக்கத்து ஆளோடு எதையோ சொல்லிச் சிரித்தும் இருந்தார். கோழி தன் வழக்கப்படி ஓரத்து முட்டைகளை அலகால் நடுவுக்கும் நடு முட்டைகளை ஓரத்துக்கும் நாள் முழுவதும் உருட்டிக்கொண்டே இருந்தது. கனகேஸ்வரி கூட்டுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, அடையாளத்துக்குப் பென்சில் புள்ளடி போட்ட அவருடைய முட்டையைத் திரும்பத் திரும்ப நடுவில் வைத்தாள். கோழி அவளுடைய கையைக் கொத்திற்று. அவளுக்கு ஒரு முட்டைதான் முட்டை. கோழிக்கு எல்லாம் ஒன்று.

சித்திரையில் கோழிகளுக்குக் கொள்ளைநோய் வந்தது. முதலில் லெகோர்ன்கள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. வெள்ளையாகவும் பச்சையாகவும் கழிந்து, இறக்கை தொங்கி, ஒன்பது நாளில் முப்பத்தொரு உருப்படிகள் போயின. அடைக்கிருந்த மூன்று பேடுகளும் முட்டைகளின் மேலேயே இறந்து கிடந்தன. தோட்டி வேலைக்கு வரும் பேச்சியம்மா வளவின் மூலையில் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினாள். “அழுவாதீங்கம்மா, கோழிதானேம்மா,” என்றவள், பிறகு சாமான் அறை விளக்கைப் பார்த்துவிட்டு, மூடின மண்ணைக் கையால் தட்டிச் சமப்படுத்தினாள்.

ஆனி மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் றவூப் கூடைக்குள் ஒரு சாம்பல் நிறப் பேட்டைக் கொண்டுவந்தார். அவருடைய வீட்டில் அடைக்குக் குறுகுறுத்துக்கொண்டிருந்த கோழி. கூடவே, கிராண்ட்பாஸில் நோய் எட்டாத வீடுகளில் பொறுக்கிய பதின்மூன்று முட்டைகள். கண்ட கண்ட வீட்டு முட்டையில் அவர் வருவாரோ என்று கனகேஸ்வரி ஏழு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். ஒன்பதாவதாகப் பார்த்த முட்டையில் வந்திருந்தார். மூங்கில் தட்டியில் படுத்திருந்தார். காய்ச்சல் என்பது பார்த்த உடனே தெரிந்தது. நாளுக்கு நாள் அது ஏறிற்று. பக்கத்தில் தண்ணீர் கொடுக்க ஒருவரும் இல்லை. ஒரு தகரக் குவளை கையெட்டாத தூரத்தில் இருந்தது. அந்தக் குவளையைப் பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினேழாம் நாள் முட்டையின் முக்கால் பங்கு இருண்டுவிட்டது. விளிம்பில் அவருடைய முகமும் ஒரு தோளும் மட்டும் தெரிந்தன. மறுநாள் அதுவும் மறைந்துவிடும். பிறகு குஞ்சு பொரிக்கும். சாம்பல் பேடு குஞ்சுகளோடு மேயப் போனால் மறுபடி அடைக்கு வர இரண்டு மூன்று மாதமாகும். வேறு கோழி இல்லை. அவ்வளவு காலத்துக்கு அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. கனகேஸ்வரி பழைய கடிதங்களை எடுத்துப் படித்தாள். குளிர்ச்சியில் வைத்தால் கரு வளராமல் உறங்கும் என்று அவருடைய சொந்தக் கையெழுத்தில் இருந்தது. கரு வளராவிட்டால் முட்டை இருளாது. காய்ச்சல்காரருக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவதும் வழக்கம்தானே என்று இன்னொரு நியாயமும் கிடைத்தது. அடைக்கு வைக்காத முட்டைக்குச் சொன்னதை அடையில் பதினேழு நாள் இருந்த முட்டைக்குச் செய்யலாமா என்று கேட்க யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அவளே சிரித்திருப்பாள்; கோழி வளர்ப்பில் அவ்வளவு தெரிந்தவள்தான். அவள் கோழிக்கு அடியிலிருந்து முட்டையை எடுத்து, தண்ணீர்ப் பானைக்குக் கீழே இருந்த ஈரமணலில் குழி செய்து வைத்தாள். முட்டை முதலில் அவள் உள்ளங்கையைப் போலச் சூடாக இருந்தது.

மறுநாள் முட்டை இருளவில்லை. அவர் அப்படியே படுத்திருந்தார். புரளவில்லை, முனகியதாகவும் தெரியவில்லை.

“நித்திரை வந்திட்டுது,” என்றாள் டோரினிடம்.

“ஸ்லீப் இஸ் குட், சைல்ட். காய்ச்சல் விட்டா அப்படித்தான் தூக்கம் வரும்.”

மூன்றாம் நாள் அவருடைய கன்னத்தில் ஓர் ஈ இருப்பதைக் கண்டாள். நான்காம் நாள் சாம்பல் பேட்டுக்கு அடியில் மற்ற முட்டைகள் கீறிக் குஞ்சுகள் கத்தின. அன்றும் அந்த ஈ அதே இடத்தில் இருந்தது. ஐந்தாம் நாளும் இருந்தது. கோழி வளர்ப்பவளுக்கு விளங்குவதற்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. அவள் விளக்கை அணைத்தாள். முட்டையை முந்தானையால் துடைத்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கதவை உள்ளே தாழிட்டு, அன்று முழுவதும் இருந்தாள். டோரின் தட்டிப் பார்த்துவிட்டு, தட்டை மூடி வாசலில் வைத்துவிட்டுப் போனாள். சூடு எவ்வளவு கொடுத்தும் ஈ பறக்கவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் பதினாறு அடை வைக்கப்பட்டது. றவூப் நல்ல வித்துச் சேவல் ஒன்றும் கொண்டுவந்தார். ஏழாம் நாட்களில் சிவப்பு நரம்புகள் தெரிந்தன, உயிர் துடித்தது, குஞ்சுகள் பொரித்தன, முட்டைகளும் சேவல்களும் கொட்டாஞ்சேனைக்குப் போயின. அவர் ஒன்றிலும் வரவில்லை.

சண்டை முடிந்து, கப்பல்கள் ஓடத் தொடங்கிய பிறகு, நாற்பத்தாறு மாசியில் ஈப்போவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவரோடு ஒரே கந்தோரில் இருந்து தண்டவாளம் போட ஒரே காட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒருவர் எழுதியிருந்தார். முத்துலிங்கத்தார் மழைக்காலத்தில் காய்ச்சலில் காலமானார். நாள் தெரியாது, அங்கே நாள் எண்ணும் நிலையில் ஒருவரும் இருக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டிருந்தார். கடைசி நேரத்தில் தாம் வேலை முடிந்து வந்து பக்கத்தில் இருந்ததாகவும், உடம்பு அனலாகக் கொதித்தபோதும், மண்ணுக்குள் வைத்தது போலக் குளிருது, குளிருது என்று சொல்லிக்கொண்டே போனார் என்றும் எழுதியிருந்தார்.

தமையன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். ஐயரைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். திவசம் செய்வதற்குத் திதி வேண்டும். தெரியாதென்றால் ஆடி அமாவாசையில் செய்வது வழக்கம், ஒன்றும் குறையில்லை என்றார் ஐயர். தமையன் அதற்கே தலையசைத்தார். கனகேஸ்வரி எழுந்து உள்ளே போய், அந்த முட்டையை எடுத்துவந்து, ஓட்டில் பென்சிலால் எழுதியிருந்த தேதியைப் பார்த்து, விரல்விட்டுப் பதினேழு நாள் எண்ணினாள்.

“ஆனித் தேய்பிறை ஏகாதசி,” என்றாள். “பின்னேரம்.”

“உனக்கென்னண்டு பிள்ளை தெரியும்?” என்று தமையன் கேட்டார்.

“நான்தான் எடுத்து வச்சனான், அண்ணை.”

அவருக்கு அது விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற டோரினுக்கு விளங்கிற்று, அவள் கனகேஸ்வரியின் கையைப் பிடித்து, அதிலிருந்த முட்டையோடு சேர்த்து, தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். ஐயர் பஞ்சாங்கத்தில் திதியைக் குறித்துக்கொண்டார். காய்ச்சல் கொண்டுபோனதா, ஈரமணல் கொண்டுபோனதா என்பதைக் குறிக்கப் பஞ்சாங்கத்தில் இடம் இல்லை.

அந்த முட்டை கெடவும் இல்லை, நாறவும் இல்லை. கனகேஸ்வரி வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு கோழி வளர்த்தாள். பின்வளவில் ஒரு பக்கம் முட்டைக்கு, ஒரு பக்கம் இறைச்சிக்கு என்று அவர் எழுதியபடியே கம்பி வலை அடித்தாள். அடைக்கு வைக்கும்போதெல்லாம் பன்னிரண்டு முட்டைகளை எண்ணி வைத்து, அதைப் பதின்மூன்றாவதாக வைப்பாள். இருபத்தோராம் நாள் மற்றவை பொரித்ததும் எடுத்து அடுத்த கோழிக்குக் கொடுப்பாள். கோழிகள் அதை ஒருபோதும் தள்ளிவிடவில்லை. றவூப் கேட்டதில்லை, முட்டை எண்ணும்போது அதைத் தொடாமல் விட்டு எண்ணப் பழகிக்கொண்டார். வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று காலி வீதியெல்லாம் கதை அடிபட்ட வருடத்திலும் அது கூட்டில் இருந்தது. ஒருநாள் பின்னேரம் கனகேஸ்வரி விளக்கைக் கொளுத்திப் பார்த்தாள். தகரக் குவளை எட்டாத தூரத்தில் இருந்தது. ஈ கன்னத்தில் இருந்தது. அவள் முட்டையைக் கொண்டுபோய்க் கூட்டின் ஓரத்தில், இடம் இருந்த பக்கத்தில் வைத்தாள். சாம்பல் பேடு அவளை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, கழுத்தை நீட்டி, அலகால் அதைத் தன் வயிற்றுக்கு அடியில், நடுவுக்கு உருட்டிக்கொண்டது.